டிரைவர் சீட்டுக்குக் கீழே

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது சம்பளக் கவரோடு சரி. பேக்கரியிலும் தெருவிலும் மனைவியின் சொந்தக்காரர்கள் மத்தியிலும் அவர் கேக்காரர்தான். கேக்கை வேகவைப்பது வேறொருவர் பொறுப்பு. வெந்து ஆறிய கேக்கைச் சுழல் பலகையில் வைத்து, தட்டைக் கத்தியால் க்ரீம் பூசி, ஓரத்தில் பூ வைத்து, நடுவில் பிறந்தநாள் பிள்ளையின் பெயரை எழுதுவது இவர் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே பேக்கரி, இதே மேஜை. மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி மாறியிருக்கிறது, முதலாளி மாறியிருக்கிறார், இவர் மாறவில்லை.

கை என்றால் அப்படி ஒரு கை! அடுப்பிலிருந்து வருகிற கேக் எல்லாம் ஒழுங்காகவா வரும்? ஒன்று நடுவில் பிளந்துகொண்டு வரும், ஒன்று ஓரம் உதிர்ந்து வரும், இன்னொன்று குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். அடுப்புக்காரர் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். இவர் உதிர்ந்த தூளையே க்ரீமில் குழைத்துப் பிளவில் அடைப்பார். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு, அது இறுகியதும் இன்னொரு பூச்சு. முதலாளியே கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாலும் எங்கே உடைந்திருந்தது என்று சொல்ல முடியாது. வாங்கினவர்கள் வெட்டினார்கள், தின்றார்கள், கையைக் கழுவினார்கள், விஷயம் முடிந்தது. இதில் பாவம் ஒன்றும் இல்லை. கேக்கில் பாவமில்லாதது காரிலும் பாவமில்லை என்று மனுஷன் நினைத்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அந்தக் காரை அவர் வாங்கியபோதே அது கிழடு. ஒரு பல் டாக்டர் ஓட்டி ஓட்டிச் சலித்துப்போய்க் கொடுத்தது. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, சாவியைத் திருப்பினால் உடனே பேசும். ஆனால் மேல்தோல்! கூரையில் பெயிண்ட் திட்டுத் திட்டாக உரிந்து, கதவில் வெயில் தின்று வெளுத்து, பார்க்கவே பாவமாக இருக்கும். "வண்டி வாங்கிட்டு வாங்கன்னா சொறி பிடிச்சதை ஓட்டிட்டு வந்திருக்கீங்களே" என்றாள் மனைவி. எதிர்வீட்டில் டிங்கர் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். அடிபட்ட வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்தி வெல்டு வைப்பது அவர் தொழில். அவர்தான் பெயிண்ட் பட்டறையில் விசாரித்துச் சொன்னார். அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டதும் கேக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பூசாத பூச்சா? நானே அடிச்சிடறேன்."

"கேக்குக்கு அடிக்கறதும் காருக்கு அடிக்கறதும் ஒண்ணாங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டும் பூச்சுதான்."

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பிரமாதமாகத்தான் செய்தார். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில் காரை நுழைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, இரண்டு பக்கமும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்புத் தாளால் தேய்ப்பார். கண்ணாடிக்கும் விளக்குக்கும் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்த்தாளை ஒட்டினார். ஸ்ப்ரே மெஷினுக்கு எங்கே போவது? எனாமல் பெயிண்ட்டில் தின்னரைக் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, சின்ன ஸ்பாஞ்சு உருளையால் மெல்லிசாக ஓட்டினார். ஒரு பூச்சு காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. தூசி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, "யாரும் இந்தப் பக்கம் வராதீங்க, கதவைச் சாத்தாதீங்க, தும்மாதீங்க" என்று வீட்டையே ஆட்டிவைத்தார். வீடு முழுக்கத் தின்னர் நாற்றம். மனைவி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைத்தாள்.

தேய்க்கிற நாட்களில்தான் அது நடந்தது. டிரைவர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் கொப்புளித்திருந்த ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. தகடு அப்பளமாக நொறுங்கியது. உள்ளே மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் துரு அங்கேயும் பரவி, சீட்டின் முன்பக்கத்துப் போல்ட் வரைக்கும் தின்றிருந்தது. ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது.

டிங்கர் வந்து குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இதை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணணும். பட்டி வச்சு மூடிடாதீங்க, ஆமா. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். சீட்டு நிக்கறதே இந்தத் தகட்டுலதான். எங்கயாவது இடிச்சா சீட்டோட சேர்ந்து ஆள் முன்னால போய் விழுவாரு."

"சரி, பாத்துக்கலாம்" என்றார் கேக்காரர்.

என்ன பார்த்தார்? கம்பிவலையை வெட்டி ஓட்டையின்மேல் வைத்தார். பின்னால் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தார். அதன்மேல் பள்ளம் அடைக்கிற பட்டிப் பசையைக் குழைத்து, தன் தட்டைக் கத்தியாலேயே இழுத்தார். மெழுகு மாதிரி வந்தது. உள்பக்கம் கருப்பு பெயிண்ட் அடித்துப் புது மிதியடியைப் போட்டார். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி, "அந்தாளு அப்படிச் சொன்னாரே?" என்று கேட்டாள். "நான்தானே ஓட்டப்போறேன்? பேக்கரிக்கும் கடைக்கும் போய்ட்டு வர்றதுக்கு இது போதும்" என்றார். அன்றைக்கு அது அவர் உயிர், அவர் வண்டி. அதனால் மனசு ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி வெளியே வந்த நாளில் தெருவே வாயைப் பிளந்தது. மாதுளை முத்துச் சிவப்பு. குனிந்தால் முகம் தெரிந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று தடவிப் பார்த்தார்கள். கேக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஏதோ, நம்மால முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார்.

அந்த வாரம்தான் அவருடைய தங்கை, கணவனோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வீட்டுக்கு வந்தாள். தங்கைக்கு வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிற முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் வேலை. ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு, பஸ் பிடித்து, அடுத்த வீட்டில் ஊசி போட்டுவிட்டு, மறுபடி பஸ் பிடித்து, வீடு திரும்பும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். அவள் புருஷன் நல்லவர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். கேக்காரர் எப்போது தங்கை வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு கேக் டப்பா இருக்கும். அதைப் பார்த்ததும், "வாங்க மச்சான், வழக்கமான சீதனத்தோட வந்துட்டீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கேக்காரரும் சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பினதும் அந்தச் சிரிப்பு உறுத்தும். தங்கைக்கு உருப்படியாக எதுவும் செய்ததில்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக உண்டு.

அன்றைக்கு அந்த மாப்பிள்ளையே காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மச்சான், நீங்களா? சத்தியமா நீங்களேவா? கம்பெனியிலருந்து வந்த மாதிரில்ல இருக்கு!" தங்கை கதவை ஒரு தடவை தடவினாள். அவள் காலில் செருப்புப் பட்டை பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. கேக்காரர் அதைப் பார்த்தார். மாப்பிள்ளை தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார்.

"நீயே எடுத்துக்கோம்மா" என்று வந்துவிட்டது வாயிலிருந்து.

"என்னண்ணா?"

"வண்டியை நீயே வச்சுக்கோ. எனக்கு எதுக்கு? நான் நடந்தே போய்டுவேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஓட்டை ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? ஆனால் அதற்குள் தங்கை அழுதுவிட்டாள், மாப்பிள்ளை இவரைக் கட்டிப் பிடித்துவிட்டார், குழந்தைகள் உள்ளே ஏறிக் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் போய், 'கொஞ்சம் பொறுங்க, சீட்டுக்குக் கீழே வெறும் பேப்பர்தான்' என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். சாவியைக் கொடுத்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை கையசைத்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "அந்த ஓட்டையைப் பத்திச் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன். மாப்பிள்ளை வெல்டு வச்சுக்கறேன்னுட்டாரு."

பொய் சொன்ன வாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

நாளை நாளை என்று நாட்கள் போயின. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவை போனை எடுக்கும்போதும் மறுமுனையில் தங்கை முந்திக்கொள்வாள். "அண்ணா, இன்னிக்கு எல்லா வீட்டையும் முடிச்சுட்டுச் சீக்கிரமே வந்துட்டேன் தெரியுமா? கால் வலியே இல்லண்ணா." இன்னொரு நாள், "அவரு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் உன்னைப் பத்தித்தான் பேச்சாம். என் மச்சான் மாதிரி ஒரு ஆளைப் பாக்க முடியாதுன்னு சொல்லிட்டிருக்காராம்." கேக்காரர், "சரிம்மா, பாத்து ஓட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைப்பார். பாத்து ஓட்டு! இதைச் சொல்ல இவருக்கு வெட்கமாக இல்லை? இருந்தது. நிறையவே இருந்தது. வெட்கம் இருந்து என்ன பிரயோஜனம், வாய் திறக்க வேண்டாமா?

ரோட்டில் எங்கேயாவது பிரேக் கிறீச்சிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். பேக்கரியிலும் கை பழையபடி இல்லை. ஒருநாள் அடுப்புக்காரர் நடுவில் பிளந்த கேக்கைக் கொண்டுவந்து வைத்தபோது, அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இதை எடுத்துட்டுப் போங்க. வேற நல்லதாக் குடுங்க" என்றார்.

"என்னாச்சு உங்களுக்கு? ரெண்டு கத்தி இழுத்தா சரியாப் போயிடுமே?"

"என்னால முடியாதுய்யா. எடுத்துட்டுப் போன்னா போயேன்!" என்று கத்திவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் கத்தி அடுப்புக்காரர் கேட்டதில்லை. பாவம், கேக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட கையோடு தங்கை போன் செய்தாள். குழந்தைகளுக்கு லீவு விட்டாச்சாம், மறுநாள் காலையில் எல்லோருமாக மலைமேல் இருக்கிற மாமியார் வீட்டுக்குக் காரிலேயே போகிறார்களாம். மலைப்பாதை! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், திருப்பத்துக்குத் திருப்பம் எதிரே லாரி. கேக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் முதல் பஸ் பிடித்துப் போனார். கையில் கேக் டப்பா இல்லாமல் அந்த வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை.

வாசலில் கார் நின்றது. மழையில் நனைந்தும் சிவப்பு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளை மாடியில் பைகளைக் கட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் அதற்குள் பின்சீட்டில் ஏறி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"மாமா! நீங்களும் வர்றீங்களா?"

"இல்லடா தங்கம். தாராளமா நடுவுல உக்காரேன், ஏன் அங்க ஒட்டிக்கிட்டு இருக்க?"

"அம்மாதான் சொன்னாங்க. டிரைவர் சீட்டுக்குப் பின்னால யாருமே உக்காரக் கூடாதாம். இந்தப் பக்கம்தான் உக்காரணுமாம்."

கேக்காரர் திரும்பி டிரைவர் பக்கத்து மிதியடியைப் பார்த்தார். தங்கை தண்ணீர் பாட்டில்களோடு வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு சின்னவள் பக்கம் பார்த்துக் கொஞ்சம் கலவரப்பட்டது. அவரைக் கையைப் பிடித்து மதிலோரமாக இழுத்துப் போனாள்.

"அவ ஏதாவது உளறினாளா?"

"பின்னால உக்காரக் கூடாதுன்னு சொன்னியாமே. ஏம்மா?"

அவள் மாடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ மனசு கஷ்டப்படக் கூடாது, சரியா? மழையில கால்கிட்ட தண்ணி வந்துச்சு. மிதியடியைத் தூக்கிப் பாத்தேன். சீட்டுக்குக் கீழ தகடே இல்லண்ணா. யாரோ பேப்பரைத் திணிச்சுப் பட்டி பூசி வச்சிருக்காங்க. உனக்கு வித்த அந்த பல் டாக்டர் வேலையாத்தான் இருக்கும், படுபாவி. உன்னை நல்லா ஏமாத்திட்டான். இவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், ஆயுசுக்கும் உன்னைக் கேலி பண்ணியே கொன்னுடுவாரு. உனக்குத் தெரிஞ்சாலும் தாங்க மாட்ட. எவ்வளவு ஆசையாப் பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்த! அதான் யார்கிட்டயும் சொல்லல. ஒரு பலகையைப் போட்டு மேல மிதியடியைப் போட்டு வச்சிருக்கேன். இவரை ஓட்ட விடறதில்ல, இன்னிக்கும் நான்தான் ஓட்டுவேன்னு அடம் பிடிச்சு வச்சிருக்கேன். மெதுவாத்தான் போவேன். ஊருக்குப் போய்ட்டு வந்ததும் நைசா எங்கயாவது குடுத்துச் சரி பண்ணிடறேன். நீ கவலைப்படாத."

பாருங்கள், எப்பேர்ப்பட்ட வழியை அவள் திறந்துவிட்டாள்! 'அடப்பாவி டாக்டரே' என்று தலையில் அடித்துக்கொண்டால் போதும். வண்டியை இப்போதே பட்டறையில் விடலாம் என்று சொன்னால் போதும். தங்கையும் பிழைத்தாள், இவர் மானமும் பிழைத்தது. ஒரு நிமிஷம் அவர் அதைத்தான் நினைத்தார். நினைக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். வாயைக்கூடத் திறந்துவிட்டார். ஆனால் இந்த மழையிலெல்லாம் தன்னுடைய மானத்தைக் காப்பாற்ற அவள் அந்த ஓட்டையின்மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"டாக்டர் இல்லம்மா. நான்தான்."

"என்ன நீதான்?"

"பேப்பர் வச்சது. பட்டி பூசினது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "சும்மா இருண்ணா. உனக்குத் தெரியாம…"

"தெரியும். டிங்கர் அப்பவே சொன்னாரு, சீட்டு பேத்துக்கிட்டு வரும், மூடாதீங்கன்னு. நான் மூடினேன்."

தங்கை பாட்டில்களை மதில்மேல் வைத்தாள். ஒன்று உருண்டு விழுந்தது, எடுக்கவில்லை.

"அப்போ எங்ககிட்ட குடுக்கும்போது உனக்குத் தெரியும்."

"ம்."

"புள்ளைங்க ஏறுறப்போ தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். அவள் திரும்பிப் பின்சீட்டில் இருந்த சின்னவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாப்பிள்ளை இரண்டு கையிலும் பையோடு இறங்கி வந்தார். "அட, மச்சான்! என்ன காலங்காத்தால? எங்க நம்ம சீதனத்தைக் காணோம்?"

தங்கை சட்டென்று திரும்பினாள். "அண்ணனுக்கு ஏதோ அவசர வேலையாம். வண்டி வேணுமாம். நாம பஸ்லயே போய்க்கலாம்." அப்போதும் அவள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

"அவசரம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை" என்றார் கேக்காரர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டிங்கர் சொன்னது, தான் திணித்தது, வாய் தவறிக் கொடுத்தது, கொடுத்தபின் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். சொல்லச் சொல்ல மாப்பிள்ளையின் கையிலிருந்த பைகள் கீழே இறங்கின. வாய் நீளமான அந்த மனுஷன் நேராகக் காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து, சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "என்னப்பா, போகலையா?" என்று அவள் கேட்டாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போய்விட்டார்.

கேக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நேராக டிங்கரிடம்தான் கொண்டுபோக வேண்டும். கதவைச் சாத்தியபோது சீட்டு லேசாக முன்னால் ஆடியது. காலுக்குக் கீழே பலகை நெகிழ்ந்தது. இத்தனை நாளும் அவள் இதில்தான் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் எப்போதும்போல உடனே பேசியது. தங்கை இன்னும் மதிலோரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கண்ணாடியை இறக்கினார்.

அவளே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. குனிந்து அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் காலுக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தாள்.

"காலை அந்த ஓரமா வச்சுக்கோ" என்றாள். "மெதுவாப் போண்ணா. பிரேக்கை அழுத்திப் போட்டுடாத."